மலைக்கு ஏறிய வழி

கல்விச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு நமது கல்லூரியில் எழும்போதெல்லாம் மாணவர் வாயிலிருந்து முதலில் வருஞ் சொல் நுவரெலியா என்பதே. உவர்க்காற்றிலும் வெண்மணலிலும் வளர்ந்த பிள்ளைகள் குளிரைத் தேடுவது இயல்பு. பனையும் உடைமரமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தேயிலை போர்த்த மலை ஒரு புதுமை. ஆதலின் நாமும் பஸ் வண்டி பிடித்து, விடியுமுன் புறப்பட்டு, பேராதனைப் பூந்தோட்டத்தையும் ஹக்கலைப் பூந்தோட்டத்தையும் கண்டு, கிரகரி வாவியின் கரையிலே படம் பிடித்து, குளிரில் நடுங்கி ஊர் திரும்புவது வழக்கம். இவ்வாண்டு அப்பேச்சு எழுந்தபோது ஆசிரியர் அறையிலே சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காரணம் யாவரும் அறிந்ததே. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' என்னும் புயல் இலங்கைத் தீவின்மீது ஏறிச் சென்றது. காற்றினும் மழையே கொடியதாயிற்று. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களிலே மலைச்சரிவுகள் மண்ணாய்க் கரைந்து வீடுகளின்மீது இறங்கின. மலைநாட்டு இருப்புப்பாதை பல இடங்களில் அறுந்து தொங்கிற்று. நாடு முழுவதிலும் மாண்டோர் தொகை 600ஐத் தாண்டிற்று. மண்ணுக்குள்ளே போனவர்களுள் எத்தனையோ பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. நமது மாவட்டமும் தப்பவில்லை. அருவியாறு கரை புரண்டு, கரையோரக் கிராமங்கள் நீரில் நின்றன. மாடுகள் மந்தையாக மாண்டன. ஆயினும் வெள்ளம் வடியும். வடிந்தபின் நிலம் நிலமாகவே இருக்கும். மலை சரிந்தால் நிலமே இல்லாது போகின்றது.

ஆசிரியர் அறையில் மௌனம் கலைந்தபின் இரு கட்சிகள் தோன்றின. துக்க வீட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போவதா என்றனர் ஒரு சாரார். இவ்வாண்டு திருகோணமலைக்குப் போவோம், கோணேசர் கோயிலைக் கும்பிடுவோம், மலைநாடு ஆறட்டும் என்பது அவர்கள் கருத்து. மற்றச் சாரார், எல்லோரும் இப்படி ஒதுங்கிவிட்டால் அங்கே கடை வைத்திருப்பவனும் வண்டி ஓட்டுபவனும் என்ன உண்பான் என்று கேட்டனர். இரண்டிலும் நியாயமுண்டு. இரண்டும் போதா என்பதே நமது கருத்து. மலைநாட்டுக்கு இப்போது போகத்தான் வேண்டும். ஆனால் இதுவரை போன விதமாகப் போதல் கூடாது. மன்னாரார் மலைநாட்டுக்குப் போவது பிற ஊரார் போவதைப் போன்றதன்று. ஏன் அன்று என்பதை நாமே நெடுநாள் அறியாதிருந்தோம்.

2019ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நுவரெலியாவுக்குக் கீழே வளைந்து இறங்கும் பாதையோரம் வண்டியை நிறுத்தினோம். சரிவிலே கொழுந்து கொய்துகொண்டிருந்த பெண்களைக் கண்டவுடன் மாணவர்கள் ஓடிச்சென்று கைத்தொலைபேசிகளை நீட்டினர். கேளாமலே படம் எடுத்தனர். நாமும் தடுத்தோமில்லை; அதனை இன்றும் வெட்கத்தோடே நினைக்கின்றோம். அப்பெண்களுள் வயதில் மூத்தவர் ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு எம்மிடம் வந்து, "பிள்ளைங்கள்லாம் எந்த ஊரு சார்?" என்றார். மன்னார் என்றோம். அவர் முகம் மலர்ந்தது. "மன்னாரா! எங்க பாட்டனுக்குப் பாட்டன் அங்கதான் தோணியில வந்து எறங்கினாராம். அந்த எடம் இப்ப எப்புடி சார் இருக்கு?"

எமக்கு விடை தெரியவில்லை. எந்த இடத்தைக் கேட்கின்றார் என்பதே தெரியவில்லை. ஏதோ நன்றாக இருக்கிறதென்று மழுப்பி வண்டியில் ஏறினோம். மாதோட்டத்தின் பெருமையை வகுப்பிலே மணிக்கணக்கிற் பேசும் நாவுக்கு அன்று ஒரு வாக்கியம் வரவில்லை.

பின்னர்த்தான் தேடிப் படித்தோம். மலைநாட்டிலே கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டி என்னுமிடத்தில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் தொடங்கிய 1823ஆம் ஆண்டையே மலையக மக்கள் தம் வரலாற்றின் தொடக்கமாகக் கொள்கின்றனர். கோப்பி பழுக்கும் பருவத்திலே பறிப்பதற்கு ஆள் வேண்டும். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய இடங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டினர். கால்நடையாகக் கடற்கரை சேர்ந்து, பாய்த்தோணிகளில் நெருங்கி நின்று, அவர்கள் வந்து இறங்கிய கரை நமது கரை. தலைமன்னார், வங்காலை, அரிப்பு என்று நாம் நாள்தோறும் சொல்லும் ஊர்களே அவர்கள் இந்நாட்டில் மிதித்த முதல் மண். அங்கிருந்து மாத்தளை ஏறக்குறைய 150 மைல். மடு, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டினூடே சென்ற அவ்வழியை ஆங்கிலேயர் வடபாதை என்றனர். பாதை என்பது மரியாதைக்குச் சொன்ன சொல். நீர் வற்றிய குளங்களும், மலேரியாக் காய்ச்சலும், யானையும் கரடியும் நிறைந்த காடு அது. வாந்திபேதி கண்டவர்கள் விழுந்த இடத்திலே விடப்பட்டனர். பிற்காலத்திலே அரசினர் வழியில் தங்குமடங்களும் கிணறுகளும் அமைத்தனராயினும், முதற் பல்லாண்டுகளில் அவையும் இல்லை. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் வழக்கு உண்டு. பல்லாயிரவர் என்பதில் வழக்கில்லை. வந்தவர்களையே ஒழுங்காக எண்ணாத காலத்தில் செத்தவர்களை யார் எண்ணுவார்!

ஒருமுறை நடந்ததோடு முடிந்ததுமன்று. முற்பட்ட காலத்திலே அவர்கள் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பியவர்கள். எனவே காட்டை இருமுறை கடக்கவேண்டும். திரும்பும்போது மடியிலே சிறு காசும் உடலிலே காய்ச்சலும் இருக்கும். 1869இல் கண்ட இலைநோயினாற் கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றியது. ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இலேயே தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும்; பெண்களின் விரல் வேண்டும். அதன்பின்னரே குடும்பம் குடும்பமாக மலைமீது தங்கலாயினர்.

'கூலி' என்னுஞ் சொல்லைப் பற்றியும் ஈண்டு ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. வள்ளுவரும் ஆண்ட நல்ல தமிழ்ச் சொல் அது. உழைப்பின் பயன் என்பதே அதன் பொருள். அதனைப் பயனிலிருந்து பிரித்து மனிதனின் பெயராக்கியது தோட்டத் துரைமாரின் கணக்குப் புத்தகம். அப்புத்தகத்தின் வழக்கைத் தமிழராகிய நாமும் கைக்கொண்டோம். வடபுலத்திலே 'தோட்டக்காட்டார்' என்று இழித்துரைத்தவர்கள் யாவரும் தமிழ் படித்தவர்களே. அவ்வழக்கு முற்றாக ஒழிந்ததென்று எழுத எமது பேனா தயங்குகின்றது.

மன்னாருக்கும் மலைக்கும் உள்ள கணக்கு அத்தோடு தீர்ந்ததன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமிலே தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்டவர்கள் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிப் புகையிரதத்தில் மலைக்குப் போயினர். காட்டுவழி மறைந்தது, கரை மாறவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று, நெல்லை மூடைகளாகப் பங்கிடுவதுபோற் பங்கிட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது, தலைமன்னாரையும் சிதைத்தது. இரண்டு மாதத்துள் நிகழ்ந்த இவ்விரண்டையும் நமது முதியோர் ஒரே மூச்சிற் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் மலையிலிருந்து இறங்கிப் புகையிரதத்திலே தலைமன்னாருக்கு வந்தனர். 'இராமானுஜம்' என்னுங் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு இராமேசுவரத்துக்குச் சென்றது. போர்ச் சூழலினால் 1984இல் அக்கப்பலும் நின்றது. பாட்டன் நடந்து ஏறிய வழியிலே பேரன் இறங்கிவந்து அழுதுகொண்டு கப்பலேறிய துறை நமது துறை. வேறு சிலர் கப்பலேறவில்லை. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்கு அஞ்சி வடக்கே வந்து, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நமது மன்னார்ப் பெருநிலத்திலும் காடு வெட்டிக் குடியேறினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் நமது வகுப்புகளில் இருக்கின்றனர். புயலுக்குப் பின்வந்த முதற் பாடவேளையில், மலைநாட்டில் உறவினர் உள்ளவர் யார் என்று கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. மணி அடித்தபின் ஒரு மாணவன் மேசையருகே வந்து, தன் அத்தை இருந்த லயம் போய்விட்டதென்று மெல்லச் சொன்னான். எல்லார் முன்னிலும் அதைச் சொல்ல அவனுக்கு என்ன தடை? அத்தடையை வைத்தவர்கள் நாம்.

மரபுரிமை என்றாற் கல்லையும் காரையையும் மட்டும் எண்ணுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. மன்னாரைக் காண வருவோருக்கு நாம் காட்டுவன எவை? சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் அடியார் நெருங்க முடியாதிருந்து, 2022இல் கும்பாபிடேகம் கண்ட அத்திருக்கோயிலைக் காட்டுவது நமது கடமையுமாம். அதன் அயலிலே மாந்தைப் பழந்துறைமுகம். 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் என்னும் அறிஞர் அகழ்ந்து, போரினால் இடையில் விட்ட இடம். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டை; முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தேசாதிபதி நோர்த் என்பார் அரிப்பிலே எழுப்பிய மாளிகையின் எஞ்சிய சுவர்; பள்ளிமுனையின் பெருக்கமரம். வேறொன்றும் இல்லையேல் கழுதைகளையாவது காட்டுவோம். அரசர், தேசாதிபதி, மரம், கழுதை யாவும் உண்டு. மாதோட்டத்தில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தவர்கள் மட்டும் நமது பட்டியலில் இல்லை. அவர்கள் கல்லில் ஒன்றும் விட்டுச் செல்லவில்லை என்பர் சிலர். நாடு நூற்றாண்டுக்கு மேலாக உண்ட சோறு எந்த ஏற்றுமதியிலிருந்து வந்ததென்று அவர்களைக் கேட்கவேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்த மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்கள் இல்லையேல் அவ்வழி நடந்தோரின் குரலும் மண்ணோடு போயிருக்கும்.

2023இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. இருநூறாம் ஆண்டு நினைவாக ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் நடந்தே சென்றனர். தமிழரோடு சிங்களவரும் முஸ்லிங்களும் சேர்ந்து நடந்தனர். நாமும் சிறிது தூரம் உடன் நடந்தோம். நடக்கும்போது அந்த மூதாட்டியின் வினா செவியில் ஒலித்தது. ஆனால், அவ்வாண்டுச் சுற்றுலாவும் பூந்தோட்டத்துக்கே போயிற்று. நினைவு நாட்கள் இப்படித்தான். நாள் போனபின் நினைவும் போய்விடுகின்றது.

இப்போது மலையே சரிந்திருக்கின்றது. மழை பொழிந்தது இயற்கை. மலை நனைந்து நழுவியதும் இயற்கையே. அச்சரிவிலே மக்களை வைத்திருந்தது இயற்கையன்று. தேயிலைக்கு ஆகாத மூலையிலே, சரிவையோ நீரோட்டத்தையோ எண்ணாது, துரைமார் காலத்திற் கட்டிய லயங்கள் இன்றும் குடியிருப்பாக உள்ளன. ஓர் அறையும் முன்வாசலுமே ஒரு குடும்பத்துக்கு உலகம். நிலம் சொந்தமில்லாதவன் அபாயம் என்று அறிந்தாலும் எங்கே பெயர்வான்? 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் காலை வேளையிலே மண்ணுக்குள் மூழ்கின. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இருக்கவில்லை. டித்வாவிலே சிங்களக் கிராமங்களும் முஸ்லிங் கிராமங்களும் புதையுண்டன. அவர்கள் துயரும் சிறிதன்று. ஆயினும் சொந்த நிலத்தை இழந்தவன் துயரும், இருநூறு ஆண்டு உழைத்தும் இழப்பதற்குச் சொந்த நிலமே பெறாதவன் துயரும் ஒன்றாகா.

சுற்றுலா வேண்டாமென்ற நண்பர்களின் கூச்சத்தை நாம் மதிக்கின்றோம். அது நல்ல மனத்திற் பிறந்த கூச்சம். ஆனால் அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். 2009இற் போர் முடிந்தபின் வடக்கைக் காணத் தெற்கிலிருந்து வண்டி வண்டியாக வந்தார்கள். கூரையற்ற நமது வீடுகளின் முன்னே நின்று படம் எடுத்தவர்களை நாம் கண்டோம். கிணற்றிலே நீர் அள்ளித் தரலாமா என்று கேட்டு, குடித்து, பெயர் விசாரித்து, உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கின்றார்கள் என்று கேட்ட ஒரு சிலரையும் கண்டோம். முன்னவரை இன்றும் மறந்தோமில்லை; பின்னவரையும் மறந்தோமில்லை. ஒருவருமே வராதிருந்தால் நலமாயிருந்திருக்குமா என்றால், இல்லை என்றே சொல்வோம். எட்டிப் பாராத காலம் அதனினும் கொடியதாயிருந்தது. இடம்பெயர்ந்து, மரநிழலிற் படித்து, பின் ஆசிரியரானவர்கள் நம்மிற் பலர். வருவோர் எப்படி வரவேண்டுமென்று நமக்குத் தெரியாதா?

ஆகவே நமது முன்மொழிவு இது. வரும் மாசி மாதத்தில் மலைப் பயணம் நடக்கட்டும். அக்காலத்தில் மலையில் மழை குறைவு; எந்தப் பாதை திறந்துள்ளது, எந்தச் சரிவுக்குத் தடை உள்ளது என்று முன்னரே கேட்டறிந்து போகலாம். பெற்றார் அச்சம் நியாயமானது. தடை உள்ள இடத்துக்கு ஓரடியும் வைக்கலாகாது. புறப்படும் இடம் கல்லூரி வாசலன்று, தலைமன்னார்க் கரை. அங்கே கடலைப் பார்த்து நின்று, இங்கே இறங்கியவர்கள் யார் என்பதை மாணவர்க்குச் சொல்லவேண்டும். வடபாதை சென்ற திசையிலே சென்று, இரண்டோரிடத்தில் வண்டியை விட்டு இறங்கி ஒரு மைல் வெயிலில் நடக்கட்டும். 150 மைல் என்னும் எண் காலுக்கு விளங்கும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கி வணங்கவேண்டும். மாசிமகத்திலே ஐந்து தேர் ஓடும் அக்கோயில், காட்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதன்முதல் மூச்சுவிட்ட ஊரின் கோயில். 1983இல் அதுவும் தீக்கிரையாகி மீண்டெழுந்தது.

அதற்குமேல் பூந்தோட்டம் வேண்டாமென்று சொல்லமாட்டோம். பிள்ளைகள் பிள்ளைகளே, பூவும் பார்க்கட்டும். ஆனால் இரவு தங்குவது விடுதியில் அன்று, ஒரு தோட்டப் பாடசாலையில். உண்பதும் வாங்குவதும் அவ்வூர்க் கடையில். கேளாமல் ஒருவரையும் படம் எடுத்தலாகாது. ஒவ்வொரு மாணவனும் ஒரு முதியவரோடு அமர்ந்து, உங்கள் முன்னோர் எவ்வழி வந்தனர் என்று கேட்டு, அவர் சொல்லை அவர் சொன்னபடியே எழுதிவர வேண்டும். திருத்தவேண்டாம், தமிழாசிரியராகிய நாமே சொல்கின்றோம், ஓர் எழுத்தும் திருத்தவேண்டாம். அவ்வேடுகள் நமது நூலகத்தில் இருக்கட்டும். எடுத்துச் செல்லும் பொருள்களுள் தலைமன்னார், வங்காலை, அரிப்புக் கரைகளின் படங்களும் இருக்கவேண்டும். அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறதென்று இனி யாரேனும் கேட்டாற் காட்டுவதற்கு.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. விழாவை ஒட்டி வாயில் வளைவு ஒன்று கட்டுவதாகப் பேச்சுண்டு. வளைவு அடுத்த ஆண்டு எழட்டும். அப்பணத்தில் ஒரு பகுதி வண்டிக்கும், வெள்ளத்தில் நூல்களை இழந்த ஒரு தோட்டப் பாடசாலையின் நூலகத்துக்கும் போகட்டும்.

எம்மோடு ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நண்பர் ஒருவர் பதுளை மாவட்டத்திலே தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கின்றார். புயலின்பின் அவருடைய பாடசாலை முகாமாகி, வகுப்பறைகளிலே குடும்பங்கள் உறங்கின. இம்முன்மொழிவைத் தொலைபேசியில் அவரிடம் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். நாற்பது என்றோம். அரிசியும் பருப்பும் நாமே கொண்டுவருவோம் என்றும் சொன்னோம். "அரிசி வேண்டாம், வருகிறவர்களுக்குச் சோறு போட எங்களால் முடியும். மன்னார்க் கருவாடு மட்டும் கொஞ்சம் கொண்டுவாருங்கள். இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்" என்றார்.